அரை மீட்டர் கடல்

அரை மீட்டர் நீளத்தில் நான்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகள். மூலைகளைப் பூட்ட நான்கு எல்போ. குழாய்க்குள் தண்ணீர் புகுந்து சட்டம் அமிழ வேண்டும் என்பதற்காக ஆங்காங்கே துளைகள். நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினால் சட்டத்துக்குள் 25 கட்டங்கள் விழும். ஒரு கட்டம் என்பது நூற்றில் நான்கு பங்கு. மண்டபம் ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் சாமான் வாங்கி, முந்தைய இரவு மாணவர்களே உட்கார்ந்து செய்த ஆறு சட்டங்கள் அவை. காலை ஐந்தரை மணிக்கு அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வடகடல் கரைக்கு நடந்தோம்.

பிளஸ் ஒன் முடித்த 24 பேர். கரூர், நாமக்கல், தருமபுரி, திருச்சி என்று கடலில்லாத ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும். அவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததே இரண்டு நாள் முன்பு, பாம்பன் பாலத்தின் மேலிருந்து. மே மாத விடுமுறையில் ஒரு வாரம் நடக்கும் கடல் அறிவியல் முகாம் இது. விலங்கியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் என்னையும் உடன் அழைத்திருந்தார்கள். அந்த வாரத்தின் ஒரே ஒரு நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மண்டபத்தில் நிற்பவருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு வடகடல், தென்கடல். தனுஷ்கோடிப் பக்கம் இவற்றையே பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. வடக்கு ஆழம் குறைந்தது, பெரும்பாலும் சாது. தெற்கு ஆழமானது, அலை அடிப்பது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடலின் முறை. சில நிமிட நடையில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போய்விடலாம் என்பதால், கடலைப் படிக்க இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். 1947 பிப்ரவரி 3ஆம் தேதி தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், 1971ல் கொச்சிக்கு மாறும்வரை பல ஆண்டுகள் இங்கே இருந்தது தற்செயல் அல்ல.

அன்று அமாவாசைக்கு மறுநாள். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுக்கும் நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். பௌர்ணமியிலும் அப்படித்தான். இந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தரை ஏறக்குறையச் சமதளமாக இருப்பதால், தண்ணீர் ஒரு முழம் இறங்கினாலே கரை வெகுதூரம் வெளியே வந்துவிடும். அன்று காலை 6.50க்குத் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்தது. நாங்கள் முட்டளவு நீரில் நின்றிருந்தோம்.

50 மீட்டர் நாடாவைக் கரையிலிருந்து உள்நோக்கி இழுத்து, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை சட்டத்தை வைக்க வேண்டும். தொடக்கப் புள்ளியையும் சேர்த்தால் ஒரு நாடாவுக்குப் பதினோரு இடம். ஒவ்வோர் இடத்திலும் சட்டத்துக்குள் எத்தனை பங்கு கடற்புல், எத்தனை பங்கு மணல், என்னென்ன இனம், இலை எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதுதான் வேலை. கேட்க எளிது.

பலரும் கடற்புல்லைப் பாசி என்றே நினைக்கிறார்கள். பாசி வேறு, இது வேறு. கடற்புல்லுக்கு வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, பூ உண்டு, விதை உண்டு. இதன் மூதாதைகள் தரையில் வாழ்ந்த பூக்கும் தாவரங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவை மறுபடியும் கடலுக்குள் இறங்கின. வண்டும் காற்றும் இல்லாத இடத்தில், நீரோட்டத்தையே நம்பி மகரந்தத்தை அனுப்பக் கற்றுக்கொண்டன. தரையில் வாழ்ந்த பாலூட்டி ஒன்றும் அதேபோலக் கடலுக்குத் திரும்பி, இந்தப் புல்லையே மேய்ந்து வாழ்கிறது. நூல்களில் அது கடல்பசு. இந்தக் கரையில் ஆவுளியா. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கும் மேல் புல் தின்னும். ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் ஒன்று வலையில் சிக்கி இறந்தாலும் அந்த இழப்பு ஈடாக நெடுங்காலம் பிடிக்கும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல்.

எண்ண ஆரம்பித்த கால் மணி நேரத்தில் சிக்கல் வந்தது. அடுத்தடுத்து நின்ற இரண்டு குழுக்களை ஒரே சட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒரு குழு 36 சதவீதம் புல் என்றது. இன்னொரு குழு 60 என்றது. கரூர்ப் பையன் ஒருவன், “சார், அவங்க இலை சாஞ்சு கிடக்கிற இடத்தையெல்லாம் புல்லுன்னு எண்ணுறாங்க. நாங்க வேர் இருக்கிற இடத்தைத்தான் எண்ணுறோம்” என்றான். தருமபுரிப் பெண் விடவில்லை. “மேலிருந்து பார்த்தா என்ன தெரியுதோ அதுதானே கணக்கு? பிடுங்கியா பார்க்க முடியும்?”

அன்றைய நாளின் முக்கியமான பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். கடல் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு எண்களையும் அப்படியே எழுதிவைத்துவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு வருகிறவர்கள் புல் வெகுவாக வளர்ந்துவிட்டது என்றோ வெகுவாக அழிந்துவிட்டது என்றோ எழுதுவார்கள். மாறியது புல்லா, பார்த்த கண்ணா என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே எல்லாரையும் ஒரே சட்டத்தைச் சுற்றி நிறுத்தினோம். மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரிவதே கணக்கு என்று தருமபுரிப் பெண் சொன்ன விதியை எழுதிவைத்தோம். தனித்தனியாக மதிப்பிட்டு, எண்ணை ஒருவருக்கொருவர் காட்டாமல் தாளில் எழுதி, பிறகு ஒப்பிட்டோம். நான்காவது முறை செய்தபோது எல்லாரும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்திருந்தார்கள். அதுவரை குறித்தது எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். முகம் சுருங்கியது. ஆனால் செய்தார்கள். எட்டரை மணிக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. கடைசி மூன்று சட்டங்களைத் தொடை நனைய நின்று எண்ணினார்கள்.

கரைக்குத் திரும்பியபோது ஓர் அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாம்பன் பக்கத்தில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறைக்கு நடுவே மூச்சடக்கி எடுக்கும் வேலை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்தச் சமயத்தில் பாசி எடுக்கும் பெண்களும் தங்கள் வேலையைச் சில வாரங்கள் நிறுத்திவைக்கிறார்கள். அதனால்தான் அவர் கரையில் இருந்தார். ஒரு பிள்ளை கையிலிருந்த, அலை ஒதுக்கிய பாசிக் கொத்தை வாங்கிப் பிரித்தார். “இது கஞ்சிப்பாசி. இது கட்டக்கோரை. இது பக்கடாப்பாசி, பாரு பக்கடா மாதிரியே இருக்கும். மரிக்கொழுந்து இங்க ஒதுங்காது, அது பாறையில பிடிச்சுக் கிடக்கும்.” நான் அவற்றின் லத்தீன் பெயர்களைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் இரண்டையும் அருகருகே எழுதிக்கொண்டார்கள்.

“மாசத்துல எத்தனை நாள் கடலுக்குப் போவீங்கம்மா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“அமாவாசைக்கு ஆறு, பவுர்ணமிக்கு ஆறு. தண்ணி நல்லா வத்தும். மிச்ச நாளு வளரட்டும்னு விட்டுருவோம்.”

மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்ற அந்த வரம்பு இந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது இந்த முயற்சிகளுக்காகத்தான். ஒரு வளத்தை எவ்வளவு எடுத்தால் அது மீளும் என்பது சூழலியலின் கடினமான கேள்விகளில் ஒன்று. எடுப்பவர்களே ஆண்டுக்கணக்காகப் பார்த்து அதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவை நான் அன்றைய முகாமின் ஆசிரியர்களில் ஒருவராகவே எண்ணுகிறேன்.

பத்து மணிக்கு மைக்ரோஸ்கோப். கரையோரத்தில் வாளி வாளியாக மொண்டு மெல்லிய கூம்பு வலையில் ஊற்றி வடித்த நீர், பார்வைக்கு வெறும் கலங்கல். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்த நாமக்கல் பையன் சட்டென்று தலையை எடுத்துக்கொண்டான். மீசை போல நீண்ட உணர்கொம்புகளோடு கோப்பிபாடு என்ற மிதவை உயிர் ஒன்று துள்ளிப் போயிருந்தது. மணல் துகள் என்று நினைத்த டயட்டம்கள் கண்ணாடிப் பேழைகளாகத் தெரிந்தன. சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி, கடலில் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களின் வேலை.

அந்தச் சொட்டுகளில் ஒன்றில், பெரிய கண்களும், முதுகில் ஒரு முள்ளும், மூக்கில் ஒரு முள்ளுமாக ஓர் உயிர் கிடந்தது. இது என்ன மீன் என்று கேட்டார்கள். அது நண்டின் இளம்பருவம். சோயியா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கையியலாளர்களும் ஏமாந்தார்கள். இதைத் தனி உயிரினம் என்று கருதித்தான் இப்பெயரை வைத்தார்கள். 1820களில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் இருந்த ராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்சன், மெல்லிய வலையைக் கடலில் இழுத்து இவற்றைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். தோல் உரித்து உரித்து அவை உருமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, இது நண்டின் குழந்தை என்று சொன்னார். பலர் ஏற்கவில்லை. அவர் சொன்னதே சரி என்று பிறகு ஆனது.

வேறொரு சொட்டில் உருண்டையாக, நூல் போன்ற வால் ஒன்றுடன் ஓர் உயிர் இருந்தது. நாக்டிலூக்கா. ஒன்றிரண்டு இருந்தால் ஒன்றுமில்லை. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இது கோடி கோடியாகப் பெருகியபோது கடல் பச்சையாக மாறியது. இந்தப் பக்கத்து மீனவர்கள் அதைப் பூங்கோரை என்றார்கள். பெருகியது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த முறை மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

பிற்பகலில் குருசடைத் தீவுக்குப் படகில் போவதாக இருந்தது. வனத்துறை அனுமதியும் கையில் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கேட்காமல் கால் வைக்க முடியாது. படகு ஏறும் இடமான குந்துகாலில் படகுக்காரப் பெரியவர் தென்கடலைப் பார்த்தார். “வேணாம் சார். கச்சான் ஏறிருச்சு. போயிரலாம், திரும்பி வர்றது கஷ்டம்.” கச்சான் என்றால் தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும் அந்தக் காற்று. பிள்ளைகளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் தீவு தெரிகிறது.

நானும் ஒரு காலத்தில் அப்படி ஏங்கியவன்தான். தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எவருக்கும் பலனோகிளாசஸ் படம் வரைந்த நினைவு இருக்கும். மணலுக்குள் வளை தோண்டி, மணலை விழுங்கி, சுருள் சுருளாக வெளியேற்றும் புழு. ஆனால் அதன் தொண்டையில், முதுகெலும்பிகளின் முன்னோர்களோடு உறவு சொல்லும் செவுள் துளைகள் உண்டு. அது குருசடையில் கிடைக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது, தீவு என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஊர் என்றே நினைத்திருந்தேன். 1927ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கிரேவ்லி முதலானோர் இந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பட்டியலிட்டு ஒரு நூலாக வெளியிட்டார்கள். அங்கே எந்தெந்த உயிர்கள் இருந்தன என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். இன்று அது விலைமதிப்பற்றது. ஏனென்றால் இன்று அதே குருசடையைச் சுற்றி, வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற பாசி பவளங்களின் மேல் படர்ந்து மூச்சை அடைக்கிறது. முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே எதை இழக்கிறோம் என்று சொல்ல முடியும்?

படகு போகாததால் குந்துகால் கரையிலேயே நிழல் தேடி உட்கார்ந்து கதை பேசினோம். கோடையில் கடலோரம் கூடிப் படிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டார்கள். 1873ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில், பெனிகீஸ் என்ற சிறு தீவில் இயற்கையியலாளர் லூயி அகாசி ஒரு கோடைப் பள்ளி நடத்தினார். வந்தவர்களில் பள்ளி ஆசிரியர்கள் நிறைய, பெண்களும் இருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே அகாசி இறந்துபோனார். அடுத்த கோடையோடு பள்ளியும் மூடப்பட்டது. ஆனால் அங்கே மாணவராக இருந்த சார்லஸ் விட்மன், 1888ல் அருகிலிருந்த உட்ஸ் ஹோலில் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

அதே உட்ஸ் ஹோலில் 1982 கோடையில் உயிர்வேதியியலாளர் டிம் ஹன்ட் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாட வேலைக்கு நடுவே, கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளில் என்னென்ன புரதங்கள் உருவாகின்றன என்று பார்க்க, குறித்த இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சோதித்தார். மற்றப் புரதங்கள் எல்லாம் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் செல் பிரியும் வேளையில் காணாமல் போனது. மறுபடி சேர்ந்தது, மறுபடி மறைந்தது. அதற்கு அவர் சைக்ளின் என்று பெயரிட்டார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் எப்போது பிரிய வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இந்தப் புரதக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு முறை சோதித்திருந்தால் அந்தப் புரதம் ஏறி இறங்குவது தெரிந்தே இருக்காது. காலையில் அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணியவர்கள் இதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் காற்று தணிந்தபின் வடகடல் படகுத்துறையில் செக்கி வட்டை இறக்கினோம். கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு, அவ்வளவுதான். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் நீர் எவ்வளவு தெளிவு என்று தெரியும். 1865ல் போப்பாண்டவரின் கப்பலில் இருந்து மத்தியதரைக் கடலில் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் இதைச் சோதித்துப் பார்த்தார், அவர் வானியலாளரும்கூட. இன்றைக்கும் இதே தட்டை உலகெங்கும் இறக்குகிறார்கள். கருவி மாறாததால்தான் நூறாண்டுக்கு முந்தைய கடலையும் இன்றைய கடலையும் ஒப்பிட முடிகிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்களைக் கணினியில் ஏற்றும் வேலை. எல்லாருக்கும் தூக்கம் வந்த நேரம். திருச்சிப் பெண் ஒருத்தி நேராகவே கேட்டாள்: “சார், இந்த எண்ணையெல்லாம் யார் படிப்பாங்க?”

அவளுக்கு மன்னார் வளைகுடாவின் பவளத்தைப் பற்றிச் சொன்னேன். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவு தயாரித்துத் தருகின்றன, நிறமும் அவற்றால்தான். கடல்நீர் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் அந்தப் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துவிடும். உடனே சாகாது. சூடு தணிந்தால் பாசி திரும்பக்கூடும். தணியாவிட்டால் பட்டினியில் இறந்துபோகும். இந்த வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், தீவு தீவாக நாடாவைக் கடலடியில் விரித்து ஆண்டுதோறும் அளந்துவந்ததால்தான், 2016ல் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது என்று நமக்குத் தெரிகிறது. யாரும் அளக்காமல் இருந்திருந்தால், மேலே பார்ப்பவருக்குக் கடல் அதே நீலமாகத்தான் இருந்திருக்கும். முன்பு இந்தக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். அந்தத் தீவுகளைச் சுற்றி அன்று ஆண்டுதோறும் யாராவது எண்ணியிருக்கக் கூடாதா என்று இப்போதும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாடாவின் ஏழாம் சட்டத்தில் எண்ணிக்கை சரியாகத் தெரியவில்லை என்று, நனைந்து சுருங்கிய தாளை விளக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தாள். அது 44ஆ 49ஆ? ஒரு கட்டத்துக்கு நான்கு பங்கு என்பதால் 44 பொருந்தும், 49 வராது என்று தானே கணக்குப் போட்டாள். ஆனாலும் எழுதவில்லை. அதை எழுதிய நாமக்கல் பையனை எழுப்பிக் கேட்டுவிட்டு வந்துதான் 44 என்று பதிவு செய்தாள்.

வெளியே திண்ணையில் ஆறு சட்டங்களையும் நல்ல தண்ணீரில் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் சந்திரனும் தன் பாதையில் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிடுவதால், வற்றும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். சராசரியாக 50 நிமிடம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் சற்றுக் குறைவு. அட்டவணையைப் பார்த்துக் கரூர்ப் பையன் கரும்பலகையில் எழுதினான்: நாளை வற்றம் 7.30. அதே நாடா. அதே பதினோரு இடம்.